ஏழு மைக்ரான் பாக்கி

சித்திரை வெக்கை காரைக்குடி முழுக்கச் சுற்றிவிட்டு
ஆய்வுக்கூடத்துக் கதவு வரை வந்து நிற்கிறது.
உள்ளே இருபத்தைந்து டிகிரி.
செல்லுக்காக. எனக்கு அது குளிர்.

இரண்டு எஃகுத் தகடுகள், நான்கு திருகுகள்,
நடுவில் வெள்ளிக் காகிதத்தில் சுற்றிய ஒரு பை,
பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் மாதிரி.
மேலே ஊசிமானி.
மின்னேற்றினால் முள் ஏறும்.
இறக்கினால் இறங்கும்.
புறப்பட்ட இடத்துக்கு மட்டும் வராது.

கணக்கு தெரியாதவர் யார் இந்த ஊரில்?
வரவு இருநூற்றுப் பதினொரு தடவை,
பற்று இருநூற்றுப் பதினொரு தடவை.
ஐந்தொகை போட்டால்
ஏழு மைக்ரான் உதைக்கிறது.
தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு.
அந்த ஏழுக்கும் வட்டி ஏறும் என்பதை
மாதாந்திர அறிக்கையில் நான் எழுதவில்லை.

கிராஃபைட் சாது.
அடுக்கடுக்காய் இடம் வைத்திருக்கும்,
லித்தியம் வரும், படுக்கும், போகும்;
பத்தில் ஒரு பங்கு நகர்ந்து கொடுத்தால் போதும்.
சிலிக்கானுக்கு ஆசை.
வந்த அத்தனையையும் உள்ளே இழுத்து
மூன்று மடங்கு பருத்து
பக்கத்துத் துகளை விலாவில் இடித்து
ஒட்டிய பசையை நூல்நூலாய் இழுத்து
அடியில் செப்புத் தாளைச் சுருக்கம் விழ வைத்து…
சிலிக்கான் கலந்தால் ஒரே சார்ஜில்
ஸ்கூட்டர் மதுரை போய்த் திரும்பும் என்று
திட்ட மனுவில் எழுதியவள் நான்தான்.

செல்லின் முதுகில் ஒரு ஒலியுணரி ஒட்டினேன்.
மாத்திரை அளவு. விரிசல்களை எண்ணும்.
உப்பும்போதுதானே உடையும் என்று
ஏற்றத்தின் உச்சியில் மூன்று இரவு விழித்திருந்தேன்.
டிக்.
வெகுநேரம் கழித்து இன்னொரு டிக்.
நாலாவது இரவு அசந்துவிட்டேன்.
கண் விழித்தால் திரை முழுக்கப் புள்ளிகள்,
எல்லாம் இறக்கத்தில்.
லித்தியம் கிளம்பக் கிளம்ப
சுருங்கப் பார்த்து, சுருங்க முடியாமல்
வாய் பிளந்திருக்கிறது சிலிக்கான்.

நிறைந்த கண்மாயில் மண் வெடித்து
யார் பார்த்திருக்கிறார்கள்?
சங்கராபுரத்துக் கண்மாய்க் கரையில்
தினம் இரண்டு தடவை வண்டி ஓட்டுகிறவளுக்கு
இது தெரிய நான்கு இரவு ஆகியிருக்கிறது.

திருகு முடுக்க சவரிமுத்து வந்தார்.
தேவகோட்டையில் லாரிப் பட்டறை பார்த்தவர்,
அளவு காட்டும் ஸ்பேனரை நம்பாதவர்.
"எவ்வளவு?"
அதிகம் இறுக்கினால் சவ்வின் துளைகள் அடையும்,
அயனிகள் வாசலோடு நின்றுவிடும்.
தளர்ந்தால் அடுக்குகள் ஒன்றையொன்று கைவிடும்.
"கொஞ்சம்," என்றேன்.
ஆறு வருடப் படிப்பு.
அவர் சிரிக்கவில்லை. கால் சுற்றுச் சுற்றினார்.

குனிந்தபோது சட்டைப்பையில் கண்டேன்:
கைபேசியின் முதுகு புடைத்து, மூடி விலகி,
குறுக்கே இரண்டு ரப்பர் பேண்ட்.
"மூணு மாசமா இப்படித்தான். நல்லாத்தான் ஓடுது."
இரண்டு ரப்பர் பேண்டுக்கு எத்தனை கிலோபாஸ்கல் என்று
வெட்கமே இல்லாமல் கணக்குப் போட்டது மனம்.
பிறகுதான் பிடுங்கினேன்.
கதவோரம் இருந்த தீ வாளியின் மணலில்
அப்படியே புதைத்தேன்.
"நாளைக்குப் புது பேட்டரி. என் செலவு."
"மக மஸ்கட்லருந்து பேசுவா,"
என்றார், வாளியைப் பார்த்து.

பன்னிரண்டு நாற்பது.
சுழற்சி இருநூற்றுப் பன்னிரண்டு, இறக்கம்.
திரையில் புள்ளி. புள்ளி.
அப்போது மணலுக்குள்ளிருந்து அது ஒலித்தது,
தொண்டை அடைத்த குரலில்.
சவரிமுத்து எழுந்தார்.
நான் கையை நீட்டித் தடுத்தேன்.
நின்றது. மறுபடி ஒலித்தது.
மணலின் மேல்பரப்பு லேசாக நடுங்கியது.

ஒலியுணரியில் எதுவும் பதியவில்லை.
அவ்வளவு தாழ்ந்த சத்தம்
அதன் காதுக்கு எட்டாது.